பத்தாவது குடும்பம்

ஜனவரி 5, ஞாயிறு

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இருந்தாலும் அவர் கடைத் திறப்பு விழாவுக்கு மைக் செட் போட்டவன் என்ற மரியாதையில் வருடாவருடம் ஒன்று தருவார். இதுவரை வந்ததெல்லாம் என் மனைவி வேலம்மாள் கோலம் வரைந்தே தீர்த்தாள். இந்த வருடம் நான் எழுதப்போகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவையில் தாண்டியவன். பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைக் கேட்கவும்.

விஷயம் இதுதான். என் மகள் செண்பகவல்லிக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஊர் முழுக்க மைக்கில் சொல்லிவிடலாம் என்று ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து வைத்தேன். "எப்பா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே டைரி.

இது மார்க் பார்த்துக் கொடுக்கிற உதவித்தொகை இல்லை. மதுரையில் செல்லப்பா–ரூத் அறக்கட்டளை என்று ஒன்று. பாடப்புத்தகத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு எதில் பித்து இருக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளப் பணம் தருகிறார்கள். அதை வைத்துத் தன் ஊருக்கு ஒரு காரியமும் செய்ய வேண்டும். ஒரு பையன் மலை ஏறுகிறானாம். ஒரு பெண் ஆந்தைகளை எண்ணுகிறாளாம். எங்கள் வல்லிக்குச் சைகை மொழி. டீக்கடை அய்யாத்துரையின் மகள் வடிவு பிறவியிலேயே காது கேளாதவள். ஐந்தாம் வகுப்பு வரை வல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஏற்றிவிட்ட பித்து இது.

காது கேளாதவர்கள் இருக்கிற வீடுகளில் பெற்றவர்களுக்கே சைகை மொழி தெரியாதாம். அந்தக் குடும்பங்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்த வேண்டும். ஏப்ரல் கடைசியில் அறக்கட்டளையிலிருந்து பார்க்க வருவார்கள். பத்துக் குடும்பம் விடாமல் வந்துகொண்டிருந்தால் உதவித்தொகையின் இரண்டாம் பாதி கிடைக்கும். அது கோயம்புத்தூரில் ஆறு மாதம் மொழிபெயர்ப்பாளர் பயிற்சி. தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்து வராவிட்டால் முதல் பாதியோடு சரி. நம் வருமானத்தில் கோயம்புத்தூரைப் படத்தில் பார்க்கலாம்.

முப்பது வருடமாகச் சத்தம் விற்றுச் சோறு தின்கிற வீட்டில் சத்தமே இல்லாத படிப்பு. யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும், யாரென்றே தெரியாதவர்கள் என் மகளை நம்பியிருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஜனவரி 9, வியாழன்

வேலம்மாள் ரேஷன் கடைக்குப் போகும்போது, மூன்று விசிலில் குக்கரை இறக்கச் சொன்னாள். பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விசில்கூட அடிக்கவில்லை. பருப்பு கரியாகிவிட்டது. மத்தியானம் குக்கரை ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். குக்கரில் ஒரு குறையும் இல்லை என்கிறான். தொழில் தெரியாதவன்.

ஜனவரி 18, சனி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாளை முதல் வகுப்பு. மகளுக்கு என்னாலான உதவி என்று, ஆட்டோவின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு எல்லாத் தெருவும் சுற்றினேன். பேச்சும் நன்றாகவே வந்தது. "காது கேளாத பெருமக்களே! காது கேளாத தாய்மார்களே! நாளைக் காலை பத்து மணியளவில் நமது சமுதாயக்கூடத்தில்…" டீக்கடை முன்னால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினேன். அய்யாத்துரை கையில் டம்ளரோடு வெளியே வந்தான்.

"அண்ணாச்சி, யாரைக் கூப்பிடுதீய?"

"காது கேக்காதவங்கள."

"எதுல கூப்பிடுதீய?"

"இது என்ன கேள்வி? மைக்குலதான்…"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அய்யாத்துரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். கடைக்குள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த வடிவு வாசலுக்கு வந்து குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. வல்லி கோபப்படுவாள் என்று நினைத்தேன். "பரவால்லப்பா. நமக்கு வேண்டியது வீட்டுக்காரங்கதான. அவங்களுக்குக் கேட்டிருக்கும்லா" என்றாள். இந்தக் குணம் அவளுக்கு எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் வரவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கூடம் நிறைந்துவிட்டது. எல்லோரும் இலவசக் காது மிஷின் வாங்க வந்தவர்கள். மிஷின் இல்லை என்றதும் வரிசையாகக் கிளம்பினார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "ஒம்ம விளம்பரமே மோசடில்லா ஓய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் மூன்று குடும்பம். அதில் ஒன்று அய்யாத்துரை. வடிவுதான் வாத்தியார். அவள் செய்து காட்ட, வல்லி வாயால் விளக்குகிறாள். நான் சும்மா இருக்கலாமா? மைக் செட் போட்டிருந்தேன். "ஒம்பது பேருக்கு எதுக்குப்பா மைக்கு?" என்றாள் வல்லி. மைக் இல்லாத கூட்டத்துக்கு ஒரு மரியாதை உண்டா?

வேலம்மாளும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம வீட்ல யாருக்கும் தேவையில்லையே, நீ எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு கத்துக்கிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சா போவுது?" என்றாள். இந்த வயதில் இவளுக்கும் பித்து.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று உறவுமுறை. அம்மா என்றால் மூக்குத்தி இடத்தைத் தொட வேண்டும். அப்பா என்றால் மீசையை முறுக்க வேண்டும். எனக்கு மீசை வளராது. வளர்ந்தாலும் நான்கு முடி நான்கு திசையில் போகும். வடிவு என் முகத்தைப் பார்த்துவிட்டு யோசித்தாள். பிறகு இல்லாத மீசையை முறுக்கிக் காட்டி, தோளைக் குலுக்கினாள். கூடமே சிரித்தது. அவமானப்பட்டுப் படித்த பாடம் மறக்காது.

வகுப்பில் சேராமலே நான் இருபது சொல் கற்றிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் கை என்ன செய்யும், அதுவும் ஆடத்தான் செய்யும்.

வீட்டில் தாயும் மகளும் இப்போதெல்லாம் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள். "தண்ணி", "சாப்பாடு", "எங்க போறீய" எல்லாம் என்னிடமும் கையோடுதான் வருகிறது. நல்லதுதான். வாயால் சொல்லும்போது இருவரும் முணுமுணுக்கிறார்கள். கையில் முணுமுணுக்க முடியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூங்கக் கூடாது.

"பிடிக்கும், பிடிக்காது" பாடம். வீட்டில் உள்ளவர்களிடம் ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும். அய்யாத்துரை எழுந்து நின்று, மகளிடம் தடுமாறித் தடுமாறிக் கேட்டான்: டீ பிடிக்குமா? சுலபமாகப் பதில் வரும் என்று அதைக் கேட்டிருக்கிறான். வடிவு பிடிக்காது என்றாள். அவன் மறுபடி கேட்டான். அவள் மறுபடி, இன்னும் பெரிதாக, முகத்தைச் சுளித்து, பிடிக்கவே பிடிக்காது என்றாள்.

அய்யாத்துரை என் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, பதினஞ்சு வருசமா காலையில மொத டீ எம்மவளுக்குத்தான் ஆத்திக் கொடுக்கேன். அவளும் குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வைப்பா. புடிக்கும்னுல்லா நெனச்சேன்."

"வேற என்ன புடிக்குமாம்?"

"கேக்கணும்" என்றான். எழுந்து போய்க் கேட்டான். அவள் பதில் நீளமாகப் போனது. பாதி அவனுக்குப் புரியவில்லை. வல்லி மொழிபெயர்க்க வந்தாள். "நீ இரு பிள்ள, அவளே மெதுவாச் சொல்லட்டும்" என்று தடுத்துவிட்டான்.

இந்த அறக்கட்டளைக்காரர்கள் தங்கள் பணம் எங்கே போகிறது என்று இன்று வந்து பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 26, புதன்

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பி மூன்று தடவை வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். பிறகும் வந்தான். கடைசியில் அவனே சத்தத் திருகைத் திருப்பிவிட்டான், பாட்டு எனக்கே எட்டாத அளவுக்கு. இந்தக் காலத்துப் பையன்களுக்குக் காது ரொம்ப மெலிந்துவிட்டது.

போனும் புதிது வாங்கினேன். அதிலும் மணி சரியாக அடிப்பதில்லை. வேப்பமரத்துக் குயில் இந்த வருடம் வரவே இல்லை என்று வேலம்மாளிடம் சொன்னேன். அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

பத்துக் குடும்பம் ஆகிவிட்டது! அய்யாத்துரை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் டீக்கதையைச் சொல்ல, பக்கத்து இரண்டு ஊரிலிருந்தும் வருகிறார்கள். நான் மைக்கில் சொன்னபோது வராத கூட்டம், அவன் டீக்கடையில் சொன்னால் வருகிறது. அவனுக்குக் கரண்ட் செலவும் இல்லை.

வல்லி ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

பத்தாவது குடும்பம் நின்றுவிட்டது. காது கேளாத மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தாயும் தகப்பனும் வருவார்கள். இளையவளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். மூத்தவளுக்குக் காது கேளாது என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பயம். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளை வேலைக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே அவர்கள் வீட்டுக்கே போனேன். வல்லியும் வேலம்மாளும் கூட வந்தார்கள்.

"என்னவே வெக்கம் இதுல?" என்று கேட்டேன். "காது கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லிட்டுப் போங்க. களவாண்டா வச்சிருக்கீரு? மறைச்சு வச்சா கேட்டுருமா? நாலு பேருக்குத் தெரியாதுன்னு நீருதான் நெனச்சிருக்கீரு, ஊருக்கே தெரியும். பாவம், கூட இருக்கவங்களுக்கில்லா கஷ்டம்!"

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். வருவதாக மட்டும் சொல்லவில்லை. இருந்தாலும், நான் சமீபத்தில் பேசியதில் இதுதான் நல்ல பேச்சு. மைக் இல்லாமலே இவ்வளவு. திரும்பி வரும்போது வேலம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருமையாக இருந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

வேலம்மாள் இன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. அல்லது பேசினாளோ என்னவோ.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்பதிலேயே நிற்கிறது. வல்லி தெருத் தெருவாக அலைகிறாள். கறுத்துவிட்டாள்.

அய்யாத்துரை ஒரு வழி சொன்னான். "பிள்ள, எம் மச்சினனும் என்கூடத்தான வாரான். அவனைத் தனிக் குடும்பம்னு சொல்லிருவோம். தனி அடுப்புதான அவனுக்கு."

"வேண்டாம் மாமா" என்றாள் வல்லி. "ஒம்பதுன்னா ஒம்பதுன்னு சொல்லிட்டுப் போறேன்."

"கோயம்புத்தூர் போச்சுன்னா?"

"போனாப் போகட்டும்."

சொல்லிவிட்டு, மறுபக்கம் திரும்பி நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். வெயில்தான் காரணம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

என் தலையில் வேறொன்று. மே மாதம் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. வருடத்தில் எனக்குப் பெரிய வேலை அதுதான். அதில் வருவதை வைத்துத்தான் மழைக்காலம் ஓடும். தர்மகர்த்தா கோமதிநாயகம் அண்ணாச்சி இந்த வருடம் இன்னும் அட்வான்ஸ் தரவில்லை. பக்கத்து ஊர் செட்டுக்காரனிடமும் பேசுகிறாராம். அவனிடம் எல்லாம் கம்ப்யூட்டர் மயம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அறக்கட்டளையிலிருந்து ஹெப்சிபா மேடம் வந்தார்கள். ஐம்பது வயது இருக்கும், கைத்தறிச் சேலை, பார்த்தால் கணக்கு டீச்சர் போல இருந்தார்கள். கூடத்துச் சாவி கொடுத்தவர் என்ற முறையில் கோமதிநாயகம் அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசியில், என் ஆம்ப்ளிஃபயரோடு.

வடிவு பாடம் நடத்தினாள். பிறகு மேடம், ஒவ்வொரு குடும்பமாக எழுந்து, வீட்டில் யாருக்காகக் கற்றுக்கொள்கிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். என் மகளுக்காக, என் தம்பிக்காக, என் வீட்டுக்காரருக்காக என்று கையால் சொல்லிச் சொல்லி உட்கார்ந்தார்கள். அய்யாத்துரை எழுந்து, "என் மக. அவளுக்கு டீ பிடிக்காது, பனங்கிழங்கு பிடிக்கும்" என்று ஒரு பிழை இல்லாமல் கையால் சொன்னான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

ஒன்பது குடும்பம் முடிந்தது.

மேடம் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். என் இடத்திலிருந்து வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அங்கே பேசியதை வல்லி பிறகு சொன்னபடி எழுதுகிறேன்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கே வல்லி. ஆனா பத்துன்னு பேசியிருக்கோம். மத்த பிள்ளைங்களுக்கும் அதே விதிதான். நான் என்ன செய்ய?"

"ஒம்பதுதான் மேடம்" என்றாள் வல்லி.

அப்போது வேலம்மாள் எழுந்தாள். "பத்து" என்றாள். "நான் ஒரு ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்ல. எங்க வீடும் உண்டு."

"உங்க வீட்ல யாருக்காகம்மா?"

வேலம்மாள் தரையைப் பார்த்தாள். "அம்மா, உக்காரும்மா" என்றாள் வல்லி. வேலம்மாள் உட்காரவும் இல்லை, சொல்லவும் இல்லை. கோமதிநாயகம் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. அவர்கள் பார்த்தது என்னை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ ஒயர் விட்டுப்போயிற்று போல என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது வடிவு மேடையில் நின்று நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், கையால் கேட்டாள்: மேடம் கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காக?

அந்தக் கூடத்தில் அத்தனை பேர் வாயால் பேசியது எதுவும் எனக்கு எட்டவில்லை. அவள் கை பேசியது எட்டிவிட்டது.

எனக்குத் தெரியாமலா இருந்தது? குக்கருக்கும் குயிலுக்கும் போனுக்கும் எத்தனை நாள்தான் பழி சொல்ல முடியும்? ஆனால் சொன்னால் யார் கூப்பிடுவார்கள், காது கேளாத மைக் செட்டுக்காரனை? கொடை போய்விடும். முன்வரிசையில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் வழுக்கை மின்னிக்கொண்டிருந்தது. மேடத்தின் பக்கத்தில் வல்லி நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம்ப்பா என்று தலையை லேசாக ஆட்டினாள். கோயம்புத்தூர் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, என் மானம் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். இவளுக்கு இருபது வயது.

மைக்கை எடுத்தேன். பழக்கதோஷத்தில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டேன். உடனே எல்லோரும் காதைப் பொத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் குழாய் ஊளையிடுகிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு ஊளையும் இல்லை. வேலம்மாள் கையைக் கீழே அமர்த்திக் காட்டினாள். திருகைக் குறைத்தேன்.

"எங்க வீட்ல நான்தான்" என்றேன். "எனக்குத்தான் காது கேக்கல. மூணு வருசமாச்சு. பத்தாவது குடும்பம் நாங்க. எழுதிக்கிடுங்க மேடம்."

மறுபடியும் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

வல்லி ஓடி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வேலம்மாள் அழவில்லை. நின்ற இடத்திலிருந்தே கையால் விறுவிறுவென்று ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. திட்டு என்றுதான் நினைக்கிறேன். மூன்று வருடத்துத் திட்டு.

கிளம்பும்போது மேடம் என் அருகில் வந்து, முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். "இன்டர்வியூல இந்தப் பொண்ணுகிட்ட, ஏன் சைகை மொழின்னு கேட்டோம். ஒரு சிநேகிதிக்காக, அப்புறம் இன்னும் ஒருத்தருக்காக, அவருக்கு இப்போ சொன்னாக் கோபம் வரும்னு சொன்னா. அந்த இன்னொருத்தர் யாருன்னு நாங்க கேக்கல." நானும் கேட்கவில்லை.

முடிவை மே மாதம் சொல்வார்களாம்.

ஏப்ரல் 28, திங்கள்

வீட்டின் முன்பக்கம் என் மைக் செட் கடையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

மே 1, வியாழன்

கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊரே கேட்கும்படி பேசினார்.

"ஓய் உச்சிமாகாளி! போன கொடையில சாமியாடி அருள் வந்து ஆடுனாருன்னுதான நெனச்சீரு? இல்ல. ஒம்ம ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல நின்னாரு, சத்தம் தாங்காம துள்ளுனாரு."

"அண்ணாச்சி…"

"பக்திதான் இப்படிச் சத்தமா வருதுன்னு நாங்களும் மூணு வருசமாப் பொறுத்தோம். காதுன்னு மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்லா?"

வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார், சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து அட்வான்ஸை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஒரே ஒரு கண்டிசன். சத்தத் திருகுல ஒம்ம கை படக்கூடாது. வேலம்மா தொடட்டும்."

உள்ளிருந்து வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. என் சத்தத்தைக் குறைக்க அவளுக்கு ஊரே அதிகாரம் கொடுத்துவிட்டது.

மே 6, செவ்வாய்

மேடத்திடமிருந்து வல்லிக்குப் போன். இரண்டாம் பாதி உண்டு! ஜூன் ஒன்பதாம் தேதி பயிற்சி ஆரம்பம்.

வாசலில் நின்றுகொண்டு தெரு முழுக்கச் சொன்னேன். மைக் இல்லாமல்தான். வேலம்மாள் மைக்கை ஒளித்து வைத்துவிட்டாள்.

மே 14, புதன்

கொடை முடிந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் வேலம்மாள் மேஜை போட்டு உட்கார்ந்து திருகைப் பார்த்துக்கொண்டாள். நான் பெட்டிகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவில். இரண்டு மேளம், வில்லுப்பாட்டு, வெடி, கூட்டம். மற்றவர்கள் ஒரு சேதி சொல்ல ஆளை ஆள் தேடி ஓடினார்கள். நாங்கள் இருந்த இடத்திலிருந்தே பேசிக்கொண்டோம். இடது பெட்டி குறை. கரண்ட் சரியா? சாப்பிட்டாச்சா? இல்லை. போய்ச் சாப்பிடுங்கள். பிறகு. இப்பவே. போனேன்.

வடிவும் வகுப்புக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் பெரிய பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, உறுமி அடிக்கிறபோதெல்லாம் அதற்குச் சரியாகக் குதித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் வேலைக்காரி என்று சொல்லப்பட்ட அந்த மூத்த பெண்ணும் நடுவில் இருந்தாள். அவள் அம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை.

இந்த வருடம் சாமியாடி நிதானமாக ஆடினார்.

மே 29, வியாழன்

ஞாயிறு வகுப்பை வல்லி போன பிறகு வடிவே நடத்துவாள். வாயால் விளக்க அய்யாத்துரை. "மொழிபெயர்ப்பாளர் அய்யாத்துரை" என்று டீக்கடைப் பலகையில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறான். தகரப் பலகை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தாயும் மகளும் என்னைத் திருநெல்வேலிக்குக் காது டாக்டரிடம் போகச் சொல்லித் துரத்துகிறார்கள். எனக்குக் கையே போதும் என்றேன். வல்லி முறைத்தாள். பேச்சை மாற்றினேன். இந்த மொழியில் பேச்சை மாற்றுவது சுலபம். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் போதும்.

ஜூன் 8, ஞாயிறு

வல்லி கோயம்புத்தூர் கிளம்பிவிட்டாள்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காலை பஸ். ஏ.சி. பஸ், கண்ணாடி திறக்காது. வேலம்மாள் இரண்டு பை நிறையத் தின்பண்டம் கட்டியிருந்தாள். ஒன்றில் முறுக்கு டின், ஒன்றில் நார்த்தங்காய் ஊறுகாய். "அங்க சாப்பாடு உண்டும்மா, இத யாரு சுமக்க?" என்று வல்லி இரண்டையும் என் கையில் திணித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினார்கள். போய் இறங்கினதும் போன் பண்ணு, பர்ஸ் பத்திரம், சீட்டு சரியா என்று. உள்ளே இருந்தவர்கள் காதில் கை வைத்து, என்ன, என்ன என்று கேட்டார்கள். ஒருவர் சொன்னதும் ஒருவருக்கும் கேட்கவில்லை. மொத்த பஸ் ஸ்டாண்டும் என் கட்சிக்கு வந்துவிட்டது.

வல்லி மட்டும் நிதானமாக உட்கார்ந்து கண்ணாடிக்குள்ளிருந்து பேசினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் போங்கள், பின்னால் உட்காராமல் முன்னால் உட்காருங்கள். அழாதீர்கள். (நான் அழவில்லை. வேலம்மாளுக்குத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.) பக்கத்தில் நின்ற ஒரு ஆள் என்னிடம், "பாவம், பிள்ளைக்குப் பேச்சு வராதோ?" என்று கேட்டார். முகத்துக்கு நேரே கேட்டதால் எனக்கும் புரிந்தது.

"எங்க வீட்லயே நல்லாப் பேசுறது அவதான்" என்றேன்.

பஸ் நகரத் தொடங்கியது. வல்லி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டாள்: டாக்டரிடம் நாளைக்குப் போவீர்களா, மாட்டீர்களா?

அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள மனம் வரவில்லை. பதில் சொல்லலாம் என்றால் இரண்டு கையிலும் பை. ஊருக்கெல்லாம் மைக் கொடுத்தவன் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் பஸ்ஸோடு கூடவே ஓடினேன். முறுக்கு டின் கடகடவென்று ஆடியது. ஆடியது கையில் தெரிந்தது. பின்னாலிருந்து வேலம்மாள் ஓடி வந்து என் வலது கைப் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

போகிறேன் என்று சொன்னேன். பஸ் திரும்புவதற்குள் சொல்லிவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள்.